வண்டலா, எக்கரா?

ஆறு அடித்துவந்து போட்ட மண்ணை நிலவியலில் அலூவியம் என்பார்கள். லத்தீனில் 'லுவெரே' என்றால் கழுவுவது, அதோடு ஒரு முன்னொட்டு சேர்ந்து 'வந்து மோதிக் கழுவுதல்' என்று ஆனது. கூழாங்கல்லோ மணலோ களியோ, ஓடும் நீர் கொண்டுவந்து விட்டதெல்லாம் அலூவியம்தான். நம் பாடநூல்கள் இதற்கு வண்டல் என்று எழுதுகின்றன.

எனக்கு அது ஒப்பவில்லை. சேலம் பக்கம் வண்டல் என்றால் ஏரியில் அள்ளி வயலுக்கு அடிக்கிற நைசான மண். 2017-ல் மேட்டூர் அணையைத் தூர்வாரி விவசாயிகளுக்குக் கொடுத்தார்களே, அது வண்டல். எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் தங்குவதும் வண்டல்தான். வயலில் அது ஏறினால் சந்தோஷப்படுவார்கள், மணல் ஏறினால் தலையில் கைவைத்து உட்காருவார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிச் சரியாகும்?

வெள்ளமே இரண்டையும் பிரித்துத்தான் போடுகிறது. 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் வரை உள்ள துகள்தான் மணல். அதில் பருமணல் ஆற்றின் அடியில் உருண்டும் துள்ளியும் நகரும், அதைவிட நைசான மண் தண்ணீரோடு கலந்து மிதந்து போகும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்குகிற திருமணிமுத்தாறு போன்ற ஓர் ஆறு சரிவு குறைந்த சமவெளிக்கு வந்து, பெருவெள்ளத்தில் கரை தாண்டிக் கணுக்கால் ஆழத்துக்கு விரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆழம் குறைந்ததுமே வேகம் போய்விடும், சுமக்க முடியாத மணலைக் கரையோரத்திலேயே போட்டுவிட்டு, களியை மட்டும் இன்னும் தூரம் தூக்கிப்போய் நீர் தேங்குகிற இடத்தில் விடும். வெள்ளம் வடிந்தபின் தோண்டினால் பல இடங்களில் அடியில் பருமணலும் மேலே நைசு மண்ணும் இருக்கும். அந்த மேல்மண் காய்ந்து வெடித்து அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு கிடக்கும்.

சரி, மணலுக்கு என்ன சொல்? எக்கர். சங்கப் பாடல்களில் பெரும்பாலும் அலை குவித்த மணல்மேட்டுக்கு வரும். இதன் உறவுச்சொல்லான 'எக்கல்' மலையாளத்தில் இன்றும் ஆற்றுப் படிவுக்குப் பெயர். நீர் அரித்து வரிவரியாக விட்ட கருமணலுக்கு அறல் என்று தனிச்சொல்லே உண்டு, பெண்களின் கூந்தலுக்கு அதை உவமை சொன்னார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடியதையும் பழந்தமிழ் வண்டல் என்றே சொன்னது. ஆனால் இன்றைய வழக்கில் அந்தப் பொருள் இல்லை.

ஆகவே மொத்தத்துக்கும் ஆற்றுப்படிவு, அதில் நைசானது வண்டல், வெள்ளம் விரித்த மணலுக்கு எக்கர் மணல். நான் இப்படித்தான் எழுதப்போகிறேன்.