பாக்கெட்டின் பின்பக்கம்: மறைந்திருக்கும் சர்க்கரையைப் பார்க்கச் சட்டம் தரும் வழி

கவுனி அரிசி இனிப்பில் சர்க்கரை இருப்பது காரைக்குடியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கந்தரப்பத்தில் வெல்லம், உக்காரையில் வெல்லம். தெரிந்தே செய்கிறோம், விசேஷத்துக்குச் சாப்பிடுகிறோம், மறுநாள் கையைக் கட்டிக்கொள்கிறோம். இனிப்பு என்று யாரும் நினைக்காத பண்டங்களில் இருக்கும் சர்க்கரைதான் ஆளை ஏமாற்றுகிறது. மாலைக் காபியோடு வரும் பிஸ்கட், பிள்ளைகளுக்கு வலுவூட்டும் என்று பாலில் கரைக்கும் மாவு, கட்லெட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளி சாஸ், காய்ச்சல்காரருக்கு வாங்கிப் போகும் ரொட்டி எல்லாம் இந்த வகைதான்.

இவற்றில் எவ்வளவு சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று அறிவது நம் உரிமை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், அதன்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளும் அந்த உரிமையைத் தருகின்றன. பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் ஊட்டச்சத்து அட்டவணை இருக்க வேண்டும். அதில் மொத்தச் சர்க்கரையைத் தனி வரியாகவும், தயாரிப்பில் சேர்த்த சர்க்கரையைத் தனி வரியாகவும் காட்ட வேண்டும். முதல் வரியை 'டோட்டல் சுகர்ஸ்' என்றும், இரண்டாவதை 'ஆடட் சுகர்ஸ்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். பாலிலும் பழத்திலும் இயல்பாக உள்ள இனிப்பு முதல் வரியில் மட்டும் சேரும். குறைக்க நினைப்பவர் பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை.

லேபிளை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாயமில்லை. பேரப்பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும் அப்பத்தாவுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாவிட்டால், சட்டம் கொடுத்த தகவல் அவர் கைக்கு எட்டுவதே இல்லை. இது பெரிய குறை, திருத்த வேண்டிய குறை. அதுவரை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை புது டப்பா வந்ததும் அந்த ஒரு வரியைப் படித்து, மூடிமேல் தமிழில் எழுதி ஒட்டிவிடலாம்.

அட்டவணையைப் படிக்கும்போது கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கும். பக்கத்தில், ஒருமுறை சாப்பிடும் அளவு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று இன்னொரு கணக்கு இருக்கும். அந்த 'ஒருமுறை அளவு' எத்தனை கிராம் என்பதை நிறுவனமே குறிப்பிடுகிறது. ஒரு சத்துமாவு டப்பாவில் 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 32 கிராம், ஒருமுறை அளவு 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருமுறைக்கு 6.4 கிராம், அதாவது 13 சதவீதம். பார்க்கப் பயமில்லாத எண்தான். ஆனால் மாவைக் கரைத்தபின் நாம் மேலே இரண்டு கரண்டி சர்க்கரை போடுகிறோமே, அது ஏறத்தாழ 10 கிராம். ஒரு தம்ளரில் 16 கிராம் ஆகிவிட்டது. காலையும் இரவும் குடித்தால் 32 கிராமுக்கு மேல். பிள்ளை அன்று இனிப்பு என்று எதையுமே தின்றிருக்காது.

அந்த 13 சதவீதம் எதற்கு எதிரான கணக்கு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று விதிமுறை வைத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன உச்சவரம்பும் கணக்குப் பார்த்தால் இதுதான், மொத்தக் கலோரியில் 10 சதவீதம். அதற்கு மேல் போகக் கூடாது என்றும், 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள், நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. லேபிளில் உள்ள சதவீதத்தை இரட்டித்துப் படியுங்கள் என்பது என் யோசனை. சிறு பிள்ளை அந்தப் பெரியவர் அளவுக்கு உண்பதில்லை, அதனால் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை, இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று மூன்று பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கி, மைதா தலையில் நிற்கும். மூன்றையும் கூட்டிக் காட்டுவது 'ஆடட் சுகர்ஸ்' வரிதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் மட்டும் சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

முன்பக்க வாசகங்களுக்கும் 2018ஆம் ஆண்டு விதிமுறை எல்லை வகுத்திருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது. 'லோ சுகர்' என்றால் 100 கிராமில் 5 கிராம், பானமானால் 100 மில்லியில் 2.5 கிராம்தான் வரம்பு. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பழச்சாற்றின் பெட்டியில் '100 சதவீதம் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கும்படி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. 'கருப்பட்டியில் செய்தது', 'நாட்டுச் சர்க்கரை', 'தேன் கலந்தது' என்பவை சர்க்கரை குறைவு என்று எந்த உறுதியும் தருவதில்லை. உடம்புக்கு அவையும் சர்க்கரைதான்.

லேபிள் கைகொடுக்காத இடங்களும் உண்டு. பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பாக்கெட்டுகளுக்கு இந்த அட்டவணையிலிருந்து விலக்கு. பெட்டிக்கடையில் பிள்ளைகள் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சின்னப் பாக்கெட்டுகளைத்தான். இனிப்புக் கடையில் தட்டில் அடுக்கி விற்கும் பண்டங்களுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம், சர்க்கரை அளவு சொல்வது கட்டாயமில்லை. பலகாரம் சுட்டுப் பாக்கெட்டில் விற்பவர்களின் லேபிளில் 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள்.

குறைப்பதற்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை, அப்படி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறார்கள். டப்பா மாவில் ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் மேலே போடும் கரண்டியை மட்டும் விடுங்கள். காபியில் இரண்டு கரண்டி போடுபவர் ஒன்றரையாக்கி, நாக்கு பழகியதும் ஒன்றாக்கலாம். பிஸ்கட் நேரத்துக்குச் சுண்டலோ வறுத்த கடலையோ வைக்கலாம். வீட்டிலேயே தானியம் வறுத்து அரைத்த மாவில் எவ்வளவு இனிப்பு என்பது உங்கள் கையில் இருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டிக்கு மாறி எடை குறைக்கலாம் என்ற எண்ணத்தை உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஆதரிக்கவில்லை. தீபாவளி அதிரசத்தை யாரும் விட வேண்டாம். அன்றாடம் தெரியாமல் உள்ளே போவதை நிறுத்தினாலே பெரிய அளவு குறைந்துவிடும்.

பள்ளிக்குத் தனி விதி இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளி உணவு விதிமுறை சொல்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சர்க்கரை பற்றிய தகவல் பலகை வைக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது. பெற்றோர் கூட்டத்தில் இவ்விரண்டையும் கேட்பதற்கு யாருக்கும் உரிமை உண்டு.

லேபிளில் பொய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் எழுதலாம். தவறான லேபிள் என்று உறுதியானால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தை நீங்களே சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மாதிரி கிடைத்த 14 நாளில் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும், குறை நிரூபணமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதுவரை பில்லையும், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தெரியும்படி பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.