ஆயாவின் மரணத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆயா பிப்ரவரி வெயிலில் இறந்தார். சான்றிதழில் சர்க்கரை நோய் என்றுதான் இருக்கிறது. பருவநிலை மாற்றத்தால் ஆட்கள் சாகிறார்கள் என்று விஞ்ஞானிகள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

நியாயமான சந்தேகம். வெயிலில் சுருண்டு விழுந்து இறப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் நோயை வெப்பம் முற்ற வைக்கிறது. உடம்பில் நீர் வற்றுகிறது, தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது. டர்பனின் ஈரக்காற்றில் வியர்வையும் லேசில் காயாது. ஆனால் சான்றிதழில் இதயம் என்றோ சர்க்கரை என்றோதான் எழுதுவார்கள்.

சரி, வெயிலின் பங்கை எப்படிப் பிரிப்பது? ஆயாவை, டர்பன் பக்கத்து வசதியான பகுதியான உம்லாங்காவில் ஏசி அறையில் இருக்கும் இன்னொரு பாட்டியோடு ஒப்பிட்டால் வீடு, வருமானம், மருந்து, சாப்பாடு எல்லாமே வேறாகிவிடும். 1991இல் மால்கம் மக்ளூர் என்ற ஆய்வாளர் முன்வைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒருவரை அவரோடேயே ஒப்பிடு.

ஒருவர் 2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தின் மற்ற செவ்வாய்கள் 6, 20, 27. இந்த நான்கு நாள்களின் வெப்பநிலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை, வயது, கூரை, வறுமை எதுவும் ஒரு மாதத்துக்குள் மாறாது. மாறியது வானிலைதான். கிழமையும் ஒன்றே என்பதால் வார இறுதிக் குடி, ஆஸ்பத்திரி விடுமுறை போன்ற குழப்பங்களும் போய்விடுகின்றன.

20ஆம் தேதி அவர் உயிரோடே இல்லையே, அந்த நாளை எதற்குச் சேர்க்க வேண்டும்? அங்கேதான் இதன் அழகு இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் கோடையை நோக்கி டர்பன் வாரத்துக்கு வாரம் சூடேறிக்கொண்டே போகும். முந்தைய நாள்களோடு மட்டும் ஒப்பிட்டால், வெயில் ஒன்றுமே செய்யாவிட்டாலும் மரணங்கள் சூடான நாள்களில் நடந்ததாகத் தோன்றும். மாதத்தின் எல்லாச் செவ்வாய்களையும் எடுத்தால் சிலருக்கு இறந்த நாள் முதலில் வரும், சிலருக்குக் கடைசியில். அந்தப் போலி ஏற்றம் தானாகவே அடிபட்டுப்போகிறது. ஒருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான மரணங்களில் சூடான செவ்வாயே திரும்பத் திரும்ப வந்தால், அது தற்செயல் இல்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாறாதவை எல்லாம் கழிந்துபோகும்போது ஏழை, பணக்காரர் என்ற ஏற்றத்தாழ்வும் கழிந்துபோகிறது. அதனால் பகுதி பகுதியாகக் கணக்குப் போட்டு, ஒரு டிகிரி கூடும்போது சாட்ஸ்வொர்த்தில் ஆபத்து எவ்வளவு ஏறுகிறது, உம்லாங்காவில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரே பகுதியில் மரணங்கள் குறைவு, விடை தள்ளாடும். பல நகரங்கள் சேர்ந்தாக வேண்டும். மரணப் பதிவுகளை வெளியே கொடுக்க யாரும் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். எனவே ஒரே கணக்கை ஒவ்வொரு நகரத்துக்கும் அனுப்பி, கிடைத்த சாய்வையும் (ஒரு டிகிரிக்கு ஆபத்து ஏறும் அளவு) அதன் நிச்சயமின்மையையும் மட்டும் திரும்ப வாங்கிச் சேர்க்கலாம்.

பருவநிலை மாற்றத்தின் பங்கு அடுத்த படி. கரியமில வாயுவை நாம் கொட்டாத ஓர் உலகின் வெப்பநிலையைக் கணினியில் உருவாக்கி, அதே கணக்கைத் திரும்பப் போடுகிறார்கள். நாள்தோறும் நிகழும் மரணங்களின் எண்ணிக்கையை வைத்து, தென்னாப்பிரிக்கா உட்பட 43 நாடுகளில் 732 இடங்களுக்கு இப்படிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 1991 முதல் 2018 வரை கோடை வெப்பத்தால் நேர்ந்த மரணங்களில் சராசரியாக 37 சதவீதம் மனிதர் உண்டாக்கிய சூடேற்றத்தால் என்றது. அதில் 'கோடை' என்பது அந்தந்த ஊரின் மிகச் சூடான நான்கு தொடர் மாதங்கள். நம் வீட்டுப் பஞ்சாங்கமோ மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் என்கிறது. அப்போது டர்பனில் போர்வை தேடுவோம். மேயில் வீடு கட்டத் தொடங்க யோசிக்கும் நாம், பிப்ரவரி உச்சி வெயிலில் வயதானவர்களை நடக்க விடுகிறோம்.

கூட்டு ஆராய்ச்சியில் ஆளை வாட்டும் வேலை வேறு: எந்த மரணம் எந்தப் பகுதியில் என்று பிரிக்கத் தேவைப்படும் முகவரி. சாட்ஸ்வொர்த்தில் ஒரே இடத்தை ஒருவர் யூனிட் எண்ணால் எழுதுவார், இன்னொருவர் பேட்டைப் பெயரால், மூன்றாமவர் பழைய ரோடு எண்ணால். இதை உட்கார்ந்து பொருத்துபவருக்குச் சம்பளம் தர யாருக்கும் மனம் வராது. மாநாட்டுக்கு விமான டிக்கெட் மட்டும் உடனே கிடைக்கும். 2025இல் அமெரிக்கா இங்குள்ள பல ஆராய்ச்சிகளுக்குப் பணத்தை நிறுத்தியபோது இத்தகைய வேலைகள் எவ்வளவு மெலிந்த கயிற்றில் தொங்கின என்பது தெரிந்தது. பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் செலவை நம் அரசே ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் பாக்கி. கணக்கில் நுழைவது பெரும்பாலும் விமான நிலையம் போன்ற திறந்தவெளியில் அளந்த வெப்பநிலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கரண்ட் போய் ஃபேன் நின்ற அறையின் சூடு அதில் இல்லை. அந்த அறைகளில் ஒரு கோடை முழுக்கச் சின்னச் சின்ன வெப்பமானிகளை மாட்டி வைத்தாலே போதும், இரு பகுதிகளின் சாய்வுகளையும் சரியாக ஒப்பிட ஆரம்பிக்கலாம்.