காற்றை இறக்கினால் வண்டி ஏறும்

சாயல்குடியிலிருந்து மாரியூர்க் கடற்கரைக்குப் போன அன்று, தார்ச் சாலை முடிந்த இடத்திலேயே காரை நிறுத்தியிருக்க வேண்டும். பனைகளுக்கு நடுவே சக்கரத் தடம் ஒன்று கடலை நோக்கிப் போனது. மைத்துனர் அதைப் பாதை என்று நம்பினார். நூறடி தாண்டவில்லை, வண்டி தயங்கியது. அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். முன்சக்கரங்கள் சுழன்று மணலை வாரியிறைத்தன. மேலும் மிதித்தார். வண்டியின் அடிப்பாகம் மணலில் படிந்து உட்கார்ந்தது. கருகிய காகித வாடை வந்தது. அது இஞ்சினின் வலுவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டின் வாடை.

மணலில் சிக்கிய எவரும் முதலில் செய்வது இதைத்தான். வேகத்தைக் கூட்டுவது. மணலின் இயல்பு தெரிந்தால் அந்தக் கால் தானாகவே பெடலை விட்டு எழுந்துவிடும்.

இறுகக் கட்டிய அரிசி மூட்டையின் மேல் ஏறி நின்று பாருங்கள், கல் போலத் தாங்கும். அதே அரிசியைத் தரையில் குவித்துவிட்டு மிதித்தால் கால் உள்ளே போகும். அரிசி மாறவில்லை; மூட்டைதான் இல்லை. மணலும் அப்படியே. அதன் வலிமை மணிகளுக்குள் இல்லை, மணிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதில் இருக்கிறது. அழுத்தம் இருந்தால் உராய்வு இருக்கும், உராய்வு இருந்தால் மணி நகராது. ஆழத்தில் கிடக்கும் மணலை மேலே இருக்கும் மணலின் எடை இறுக்கிப் பிடிக்கிறது. மேற்பரப்பில் இருப்பதைப் பிடிக்க எதுவுமில்லை. சக்கரம் உருள்வதோ அந்த மேற்பரப்பில்தான். காற்று சலித்துக் கொண்டுவந்து குவித்த மணலில் மணிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் என்பது இன்னொரு சங்கடம். பெரிய மணிகளின் இடைவெளியை அடைக்கச் சிறியவை இல்லாததால், அது இறுகி அமர்வதே இல்லை.

இனி சக்கரத்தைப் பார்ப்போம். நான்கு பேர் அமர்ந்த எங்கள் காரின் எடை சுமார் 1,500 கிலோ. நல்ல தார்ச் சாலையில் அதை உருட்டிச் செல்ல 15 முதல் 25 கிலோ எடைக்குச் சமமான உந்துதல் போதும். தளர்ந்த மணலில் அது 300 முதல் 450 கிலோ வரை போகிறது. புதைந்த சக்கரம் தன் முன்னால் ஒரு மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டே போவதும், ஓயாமல் ஒரு சரிவில் ஏறுவதும்தான் காரணம். எங்கள் காரை இழுப்பவை முன்சக்கரங்கள் மட்டுமே. அவற்றின் மேல் அமரும் எடை ஏறத்தாழ 800 கிலோ. மணல் தரக்கூடிய பிடிப்போ அதில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் சற்றுக் கூடுதல். தேவை முந்நூறுக்கு மேல், கிடைப்பது முந்நூறுக்குள். இஞ்சினுக்கு எவ்வளவு வலுவிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மிஞ்சிய வலு முழுவதும் சக்கரத்தைச் சுழற்றுவதில் செலவாகிறது. சுழலும் சக்கரம் தனக்கு அடியிலுள்ள மணலைப் பின்னால் வாரி வீசுகிறது. வீசிய அளவு கீழே இறங்குகிறது. இறங்கிய அளவு எதிர்ப்பு கூடுகிறது. சக்கரம் தன் குழியைத் தானே தோண்டுகிறது.

வண்டியை எடுக்கும்போதெல்லாம் பாதி மிதித்த நிலையில் கிளட்ச் தேய்ந்துகொண்டிருக்கும். சாலையில் அது ஓரிரு நொடி. மணலில் நிமிடக்கணக்கு. நகர்த்த முடியாத வண்டிக்குள் செலுத்தப்பட்ட ஆற்றல் எல்லாம் அந்த மெல்லிய தகட்டின் மேல் வெப்பமாக மாறும். தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருளைப் பிணைத்திருக்கும் பிசின் கருகும், பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகும், பிறகு பிடிக்காது. இஞ்சினும் திணறும். வண்டி ஓடாததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை, விசிறி ஒன்றுதான் துணை. எங்கள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது.

மீன் ஏற்ற வந்த சிறு வேனின் ஓட்டுநர் தார்ச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அறுபது வயதிருக்கும். "தம்பி, முதலில் இஞ்சினை ஆறவிடுங்கள். பிறகு காற்றை இறக்குங்கள்" என்றார். மைத்துனர் தயங்கினார். "காற்றில்லாமல் எப்படி அண்ணே ஓட்டுவது?"

பெரியவர் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டியவர். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊருக்குப் பிறகு பல்லாண்டுகள் சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர். 2017இல் தார்ச் சாலை திறக்கப்படும்வரை ஒருபுறம் அலையடிக்கும் ஆண் கடல், மறுபுறம் அமைதியான பெண் கடல், நடுவே மணலும் தேங்கிய நீரும்தான். அதில் நாள்தோறும் ஆளேற்றி ஓட்டியவர்கள் மணலைக் கையால் தொட்டே அறிவார்கள்.

காற்றை இறக்கினால் என்ன ஆகிறது? டயர் தரையை அழுத்தும் அழுத்தம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். சாலைக்கு வைக்கும் 32 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோ. ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ இருந்தால், அது தரையைத் தொடும் இடம் 180 சதுர சென்டிமீட்டர் அளவுதான். விரல்களோடு விரித்த ஒரு கையளவு. 16 ஆகக் குறைத்தால் அந்த இடம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் தாங்குவதால் துல்லியமாக இரண்டு மடங்கு வராது. எனினும் அழுத்தம் குறைகிறது, புதைவு குறைகிறது, முன்னால் தள்ள வேண்டிய மேடும் சிறுத்துப் போகிறது. டயர் அகலத்தில் விரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீளத்தில்தான் அதிகம் விரிகிறது. நீண்ட தடம் மணலை வெட்டாமல் மேலிருந்து படிப்படியாக அமுக்குகிறது. அமுக்கப்பட்ட மணல், கட்டிய மூட்டை.

பெரியவரிடம் அளவுகோல் இல்லை. வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு டயரின் பக்கவாட்டைப் பார்த்தார். போதுமான அளவு பிதுங்கியதும் விட்டார். நாங்கள் அடிப்பாகத்து மணலைத் தோண்டினோம். அவர் இரண்டு காய்ந்த பனை மட்டைகளைச் சக்கரங்களுக்குப் பின்னால் செருகினார். "முன்னால் போக வேண்டாம். வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள், அது ஏற்கெனவே அமுங்கிய மணல். ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள்." திருப்பிய சக்கரம் ஏர் போல உழும் என்பதால் அந்த எச்சரிக்கை.

பனை மட்டையின் வேலையை லிபியப் பாலைவனத்தில் இரும்புத் தகடுகள் செய்தன. ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் ஃபோர்டு கார்களில் அந்த மணற்கடலைக் கடந்தவர். பதுங்குகுழிக்குக் கூரையாகச் செய்யப்பட்ட இரும்புப் பட்டைகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்து, சக்கரங்களுக்கு அடியில் போடும் பாலமாக்கினார். டயர் காற்றைக் குறைப்பதும் அவருடைய குழுவின் வழக்கம். கொதிக்கும் ரேடியேட்டரின் ஆவியைக் குழாய் வழியே ஒரு தண்ணீர்த் தகரத்துக்குள் விட்டுக் குளிரவைத்து, அந்த நீரைத் திரும்ப உறிஞ்சவிட்டார்கள். சொட்டு நீரும் வீணாகவில்லை. மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்று பிற்பாடு அவர் எழுதிய 1941ஆம் ஆண்டு நூல், இன்றும் அந்தத் துறையின் அடித்தளம். சிக்கிய வண்டியிலிருந்து ஓர் அறிவியலே எழுந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அலை விலகிய ஈர மணலில் மிதிவண்டியே ஓடுகிறதே என்று கேட்கலாம். ஈர மணிகளுக்கிடையே நிற்கும் நீர், மெல்லிய பாலமாகி அவற்றை ஒட்டவைக்கிறது. குழந்தைகள் கட்டும் மணல் வீடு நிற்பதும் அதனால்தான். ஈர மணலில் காலை அழுத்தினால் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் வெளுத்து உலர்வதைக் கண்டிருப்பீர்கள். பிரிட்டன் பொறியியல் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். இறுக அடுக்கிய மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளி பெருகுகிறது. மேலே இருந்த நீர் உள்ளே இறங்குகிறது. அந்த உறிஞ்சல் மணிகளை இன்னும் இறுக்குகிறது. ஆனால் நீர் முழுக்க நிறைந்த, தளர்ந்த மணலில் இது தலைகீழாகும். அதிர்வில் மணிகள் அமுங்கப் பார்க்க, இடையிலுள்ள நீர் எடையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, மணிகளுக்கிடையே உராய்வு இல்லாமல் போகும். கடல் விளிம்பில் நிறுத்திய வண்டி இறங்கிவிடுவது அப்படித்தான்.

அருகிலுள்ள வாலிநோக்கம் உப்பளங்களைச் சுற்றிய உவர் நிலம் இன்னும் பொல்லாதது. மேலே வெள்ளைப் பொருக்கு, அடியில் ஈரக் களிமண். களிமண்ணின் வலிமை உராய்வில் இல்லை, ஒட்டும் தன்மையில் இருக்கிறது. பொருக்கு உடைந்துவிட்டால் இழுவை இயந்திரம் வந்தாக வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை, ஒரு முழ ஆழத்தில். நாம் அமுக்கி இறுக்கும் மணல், குஞ்சுகள் கிளறி மேலேற வேண்டிய மணல். கரை மணலில் வண்டியை இறக்காதீர்கள்.

மூன்றாம் முயற்சியில் கார் மட்டைகளின் மேல் ஏறி, வந்த தடத்திலேயே பின்னோக்கி நகர்ந்து தார்ச் சாலையைத் தொட்டது. பெரியவர் பின்னாலேயே வந்து, "முப்பதுக்கு மேல் போகாதீர்கள்" என்றார். காற்றிறங்கிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, அந்த மடங்கல் வெப்பமாகிறது, வேகம் கூடினால் பக்கச் சுவர் கிழியும். சாயல்குடி பஞ்சர் கடையில் அளவு பார்த்தபோது 17 காட்டியது. டயரைத் தொட்டேன், கையைச் சுட்டது.