அந்தரத்தில் மோதும் வீரர்களும் நகம் கோக்கும் கழுகுகளும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரக்கதைகளில் பறக்கும் வீரர்கள் இருவர் எதிரெதிரே பாய்ந்து வருகிறார்கள். நடுவானில் மோதுகிறார்கள். பிறகு அந்த இடத்திலேயே நின்று ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள். பௌதிகவியல் இதற்கு இடம் கொடுக்குமா?"

அவர்கள் எப்படிப் பறக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கதை படிக்க உட்கார்ந்தவர் அந்த அளவுக்காவது கடன் கொடுக்கத்தான் வேண்டும். பறந்துவிட்டார்கள், இனி மோதல்தான் நம் கணக்கு.

ஒவ்வொருவருக்கும் திணிவு 70 கிலோகிராம், வேகம் செக்கனுக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 360 கிலோமீட்டர். கதாநாயகர்களுக்கு இது சோம்பலான வேகம். பள்ளியில் படித்த சமன்பாட்டில் போட்டால் ஒருவரின் இயக்கச் சக்தி 3,50,000 யூல். இருவருக்குமாக 7,00,000 யூல். பெரிய எண்ணாகத் தெரிகிறது, ஆனால் காலைச் சாப்பாட்டில் இரண்டு துண்டு பாண் தருகிற சக்தி ஏறத்தாழ இவ்வளவுதான். பாணை உடம்பு மணிக்கணக்கில் செரிக்கிறது. மோதலிலோ அதே சக்தி கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்குக்குள் எலும்புக்குள்ளும் சதைக்குள்ளும் இறங்குகிறது. உடல் 30 சென்ரிமீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொண்டால் அதற்கு எடுக்கும் நேரம் 6 மில்லிசெக்கன். அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பைப் போல் 1,700 மடங்கு. 1954-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்டாப், ரொக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தம்மைக் கட்டிக்கொண்டு 46 மடங்குவரை தாங்கிக் காட்டினார். கண்கள் இரத்தமாகி, சிறிது நேரம் பார்வையே இல்லாமல் போனது. உயிர் பிழைத்தார். 1,700 மடங்குக்கு எந்த மருத்துவரும் முன்வரமாட்டார்.

வீரர்களின் எலும்பு உருக்கால் ஆனது என்று கதாசிரியர் சொல்லிவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்வோம். அப்போது மாணவியின் கேள்வியில் ஒரு பாதிக்கு விடை 'முடியும்'. இருவரின் உந்தமும் (திணிவை வேகத்தால் பெருக்கியது) அளவில் சமன், திசையில் எதிர். கூட்டினால் பூச்சியம். ஆகவே மோதிய இடத்திலேயே இருவரும் நின்றுவிடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஓவியர் வரைந்தது சரி.

கோளாறு அடுத்த கட்டத்தில் வருகிறது. நின்றபின் பற்களைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறார்களே, எதை மிதித்துக்கொண்டு? தரையில் மல்யுத்தம் செய்பவர் உண்மையில் பூமியைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறார். பாதத்தின் உராய்வு அந்த வேலையைச் செய்கிறது. அந்தரத்தில் மிதிக்கக் காற்று மட்டுமே உண்டு. ஒருவர் தம் சொந்த எடைக்குச் சமமான விசையால், ஏறத்தாழ 700 நியூட்டனால், எதிரியைத் தள்ளிக்கொண்டே அதே இடத்தில் நிற்க வேண்டுமானால், செக்கனுக்கு 35 கிலோகிராம் காற்றைச் செக்கனுக்கு 20 மீட்டர் வேகத்தில் பின்னால் எறிந்துகொண்டே இருக்க வேண்டும். கனவளவில் ஏறத்தாழ 30 கனமீட்டர் காற்று, ஒவ்வொரு செக்கனும். விழாமல் மிதப்பதற்கு இன்னுமொரு 30 கனமீட்டரைக் கீழே எறிய வேண்டும். கீழே கடல் இருந்தால் நீர் வட்டமாகச் சிதறும்; அதை ஓவியர்கள் அழகாக வரைகிறார்கள். முதுகுக்குப் பின்னால் வீசவேண்டிய மணிக்கு 72 கிலோமீட்டர்ப் புயலைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

குத்துச்சண்டையிலும் இதே மறதி. குத்து வாங்கியவர் மூன்று மலைகளைத் துளைத்துக்கொண்டு போய் விழுகிறார். குத்தியவர் மயிரிழையும் நகராமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவரும் எதிர்த்திசையில் மூன்று மலைகளைத் துளைத்திருக்க வேண்டும்.

நிஜ வான்போரில் நேருக்கு நேர் பாய்ந்து முட்டுவதில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்களும், வந்த சீரோ விமானங்களும் ஒன்றின் பின்னால் மற்றொன்று போவதற்குத்தான் போட்டியிட்டன. பின்னால் போய்விட்டால் சார்பு வேகம், அதாவது ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றதற்குள்ள வேகம், குறைவு, குறி பார்க்க நேரம் அதிகம். நேரெதிரே இருவரும் செக்கனுக்கு 100 மீட்டரில் வந்தால் இடைவெளி 200 மீட்டர் வேகத்தில் சுருங்கும்; கண் பார்த்ததற்குக் கை அசைய எடுக்கும் ஐந்தில் ஒரு செக்கனுக்குள் 40 மீட்டர் போய்விடும். முட்டியே வீழ்த்தியவர்களும் இருந்தார்கள். ரஷ்ய விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் 1914-இல் ஆஸ்திரிய விமானமொன்றை அப்படி வீழ்த்தினார். அதிலேயே அவரும் இறந்தார்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தரத்தில் பிடித்துச் சண்டையிடும் கலையை உண்மையிலேயே கற்றவை வெண்வயிற்றுக் கடற்கழுகுகள். நம் கரையோரங்களில் வட்டமிடுபவை. சாம்பல் முதுகும் வெண்ணிற வயிறும் கொண்டவை. சோடி சேரும்போதும், சில வேளைகளில் எதிரியை விரட்டும்போதும், ஒரு கழுகு மேலிருந்து சரிந்து வரும். மற்றது கடைசி நொடியில் மல்லாந்து கால்களை மேலே நீட்டும். நகங்கள் கோத்துக்கொள்ளும். உடனே இரண்டும் சக்கரமாகச் சுழன்றபடி கீழே விழத் தொடங்கும். தரை நெருங்கும்போது பிடி விட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

ஏன் சுழல்கின்றன? இரண்டின் பாதைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. நெஞ்சோடு நெஞ்சு மோதினால் இயக்கச் சக்தி முழுவதும் உடலை நசுக்குவதில் செலவாக வேண்டும். விலகிய பாதையில் வந்து கையைக் கோத்தால் அந்த வேகத்தில் ஒரு துளியும் நசுக்குவதற்குச் செலவாக வேண்டியதில்லை. அத்தனையும் சுழற்சியாக மாறிவிடலாம். உயர்தரப் பாடத்தில் கோண உந்தக் காப்பு (வெளியிலிருந்து எதுவும் திருப்பாதவரை சுழலும் உந்தம் மாறாது) என்று மனனம் செய்கிறோமே, அதுதான். கழுகுகள் இரண்டும் பொதுவான திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையமோ, இவை செய்யும் கூத்து எதையும் பொருட்படுத்தாமல், எறிந்த கல்லின் பாதையைப் போன்ற ஒன்றில் போய்க்கொண்டிருக்கும். விரிந்த சிறகுகளில் காற்று உரசுவது மட்டும் அதைச் சற்று மந்தமாக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழுகு ஒன்று 3 கிலோகிராம் என்று கொள்வோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில் பறப்பதால் சார்பு வேகம் சிறியது. செக்கனுக்கு 8 மீட்டர் என்று எடுப்போம். பொது மையத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 4 மீட்டர். உடல்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி என்றால் ஆரை அரை மீட்டர். செக்கனுக்கு ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று அதிகம். வட்டத்தில் சுற்றவைக்க மையத்தை நோக்கி வேண்டிய மையநாட்ட ஆர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு 32 மீட்டர், புவியீர்ப்பின் மூன்று மடங்கு சொச்சம். கால்கள் தாங்கவேண்டிய இழுவை ஏறத்தாழ 10 கிலோகிராம் பாரம். மீனைத் தூக்கிப் பழகிய கழுகுக் காலுக்கு இது ஆகக்கூடிய வேலைதான்.

இதே வித்தையை நம் 100 மீட்டர் வேக வீரர்கள் செய்தால்? செக்கனுக்கு 32 சுற்று. இழுவை புவியீர்ப்பின் 2,000 மடங்கு. கைகள் தோளோடு கழன்று போகும். கழுகின் சாமர்த்தியம் பிடிப்பதில் இல்லை. பிடிப்பதற்கு முன்பே சார்பு வேகத்தைக் குறைத்துக்கொள்வதில் இருக்கிறது.

விடும் கணம் இன்னும் அழகு. பிடி விட்டதும் ஒவ்வொன்றும் வட்டத்தின் தொடுகோட்டில் புறப்படும். கால் சுற்றில் விட்டால் ஒரு திசை. அரைச் சுற்றில் விட்டால், பொது மையத்தைப் பொறுத்தவரை, வந்த வழியே திரும்பிய திசை. சிறகை ஒரு முறையும் அடிக்காமல் திரும்பிவிடலாம். உதைப்பதற்குச் சுவர் இல்லாத வெளியில் எதிரியையே சுவராக்கிக்கொள்வது இது. சித்திரக்கதை வரைபவர்கள் யாராவது இதை வரைந்தால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

ஒலியைவிட வேகமாகப் பாயும் வீரர்களைப் பற்றி ஒரு வரி: நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதைத் தாண்டிப் பறந்தபடி "இன்றோடு நீ ஒழிந்தாய்!" என்று கத்தினால் எதிரி முதலில் அடியை வாங்குவான், வசனம் பிறகுதான் காதுக்கு வரும்.

திருகோணமலையில் கோணேசர் கோவிலையும், இராவணன் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவான இராவணன் வெட்டையும் வைத்துக்கொண்டு வான்போர் பற்றி எழுதிவிட்டு இராவணனைத் தொடாமல் போனால் ஊரில் விடமாட்டார்கள். ஜடாயு அவனை மறித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கிழப்பறவைகூட நெஞ்சால் முட்டவில்லை, அலகாலும் நகத்தாலும் வில்லையும் தேரையும் அல்லவா உடைத்தது! பறவையைப் பார்த்துப் பழகிய கவிகள் அவர்கள். ஆனால் அந்தக் கவிதையை விமானத்தின் பொறியியல் கையேடாக வாசிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2020 ஜூலையில் இலங்கையின் விமானத்துறை அமைச்சின் பெயரில், இராவணனின் தொலைந்துபோன வான்வழிகள் பற்றிய ஆவணங்களைத் தரும்படி பத்திரிகை விளம்பரம் வந்தது. 'வைமானிக சாஸ்திரம்' என்ற பழைய நூலாகச் சொல்லப்பட்டதை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974-இலேயே ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது, அதிலுள்ள விமானங்கள் பறக்கவே மாட்டா என்று காட்டிவிட்டார்கள். அந்த விளம்பரச் செலவுக்கு மேல் கொஞ்சம் போட்டு, வேகமாகப் படமெடுக்கும் கமெரா ஒன்றை இங்குள்ள பல்கலைக்கழக வளாக மாணவர்களிடம் கொடுத்திருக்கலாம். கழுகு எந்த வேகத்தில் பிடிக்கிறது, எத்தனை சுற்றில் விடுகிறது என்று அளந்து சொல்லியிருப்பார்கள். நான் மேலே 'கொள்வோம்', 'எடுப்போம்' என்று எழுதிய இடங்களில் அளந்த எண்கள் இருந்திருக்கும்.

கடிதத்தின் ஓரத்தில் மாணவி இன்னொன்றும் கேட்டிருந்தார்: பாரமானவரோடு மோதினால் இலேசானவருக்குத்தான் அதிகம் அடிபடுமா? விசை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் 140 கிலோகிராம் வில்லனும் 70 கிலோகிராம் நாயகனும் தலா 100 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இருவரும் சேர்ந்து வில்லன் போன திசையில் செக்கனுக்கு 33 மீட்டரில் தொடர்ந்து போவார்கள். வில்லனின் வேகம் 67 மீட்டர் குறைகிறது. நாயகனின் வேகம் முன்னிருந்து பின்னாக 133 மீட்டர் மாறுகிறது, சரியாக இரண்டு மடங்கு. எந்தச் சித்திரக்கதையும் இதை வரையாது: வில்லன் மணிக்கு 120 கிலோமீட்டரில் தன்பாட்டில் போய்க்கொண்டிருப்பான், நெஞ்சில் நாயகன் ஒட்டியபடி.