சோளகத்திலும் இலை உதிர்க்காத பாலை

ஆனி, ஆடியில் வன்னிப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாலைப்பழம் வரும். விரல்நுனி அளவில் பளபளவென்று மஞ்சளாக இருக்கும். நாலைந்து தின்றதும் உதடு பிசுபிசுத்து ஒட்டத் தொடங்கிவிடும். இந்தப் பழத்தின் ருசி தெரிந்த எத்தனையோ பேருக்கு அதன் மரம் தெரியாது. குடாநாட்டில் பாலையைக் காண்பதே அரிதாகிவிட்டது. கோயில் வளவில் ஒன்று, பற்றைக்காட்டுத் துண்டு ஒன்றில் இன்னொன்று என்று தனித்தனியாகத்தான் நிற்கின்றன. காடாக நிற்கும் பாலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆனையிறவு தாண்டி வன்னிக்குள் போகவேண்டும். அங்கும் காடு சுருங்கிக்கொண்டுதான் வருகிறது.

பாலை, இலுப்பைக்கும் மகிழுக்கும் சப்போட்டாவுக்கும் சொந்தக்கார மரம். தாவரவியலில் இதன் பெயர் மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோல் போலத் தடித்திருக்கும், மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறியது. நுனி கூராக முடியாமல் உள்வாங்கிச் சிறு வெட்டுப் போல இருக்கும். காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். காயத்தை மூடுவதும், கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைப்பதும் அந்தப் பாலின் வேலை.

இந்த மரத்தில் என்னை அதிகம் வியக்கவைப்பது, அது வருடம் முழுவதும் பச்சையாக நிற்பதுதான். யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வந்து கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்தால் நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் வறட்டிக்கொண்டு போகும். வற்றாத ஆறு என்று ஒன்றும் இங்கே கிடையாது. கிணற்றுக்கும் மரத்துக்கும், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீர்தான். இப்படிப்பட்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பது ஒரு வழி. வன்னிக்காட்டில் முதிரை அப்படித்தான் செய்கிறது. அதன் பக்கத்திலேயே பாலை இலையோடு நிற்கிறது.

இலை இருந்தால் தண்ணீர் போகும். இலையிலுள்ள நுண்துளைகளான இலைவாய்கள் திறந்தால்தான் காபனீரொட்சைட்டு உள்ளே வரும், திறந்தால் நீராவி வெளியேறும். மெழுகுப் படலம் மூடிய தடித்த இலை, இலைவாய் தவிர்ந்த மற்ற இடங்களால் நீர் போவதைக் குறைக்கும். உச்சி வெயிலில் இலைவாய்களும் ஒடுங்கும். அப்படியும் போகும் நீரை வேர் ஈடுசெய்ய வேண்டும். வேரிலிருந்து இலைவரை தண்ணீரை மேலே கொண்டுபோவது இழுவிசை. இலையில் நீர் ஆவியாக, மரத்துக்குள் நீரைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களான காழ்க்கலன்களுக்குள் அறுபடாத இழைபோல நிற்கும் நீர் மேலே இழுபடுகிறது. மண் காயக் காய அந்த இழுப்பும் கூடும். உலர்வலய மரங்களில் அது வளிமண்டல அமுக்கத்தின் 20, 30 மடங்குக்கும் போகக்கூடும்.

அங்கேதான் ஆபத்து. இளநீருக்குப் போட்ட மெல்லிய குழாயின் அடியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், குழாய் சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும். இழுப்புக் கூடினால் மரத்தின் கலனுக்கும் அதே கதி வரலாம். அதைவிடப் பெரிய பயம் காற்றுக்குமிழ். பக்கத்துக் கலனிலிருந்து துளிக் காற்று உள்ளே இழுபட்டாலே நீர் இழை அறுந்து, அந்தக் கலன் பயனற்றுப் போகும். நிறையக் கலன்கள் இப்படி அறுந்தால் கிளை காயும், பிறகு மரமே காயும்.

இதற்குப் பாலையிடம் இருக்கும் பதில் அதன் வைரம், அதாவது மரத்தின் இறுகிய கெட்டித்தன்மை. தடித்த சுவர்கள் நெருக்கமாக அடுக்கிய மரம் அது. ஒரு கன மீட்டர் 1,000 கிலோவுக்கு மேல் நிறுக்கும், தண்ணீரில் போட்டால் தாழும். பொதுவாக இத்தகைய அடர்ந்த மரங்களின் கலன்கள் சப்பளிவதும் கடினம், அவற்றுக்குள் காற்று நுழைவதும் கடினம். ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகும் பாலை நீரை இழுத்துக்கொண்டிருக்கும். சித்திரையில் தப்பித்தவறி ஒரு மழை பெய்தால், புது இலைக்குக் காத்திராமல் அன்றைக்கே உணவு தயாரிக்கும்.

இந்த வைரத்துக்கு மரம் கொடுக்கும் விலை காலம். ஒவ்வோர் அங்குலத்தையும் இவ்வளவு பாரமாகக் கட்டவேண்டியிருப்பதால் பாலை மிக மெதுவாகத்தான் பருக்கும். வரட்சியிலிருந்து அதைக் காப்பாற்றும் அதே வைரம் மனிதக் கண்ணையும் இழுத்தது. கறையானுக்கும் மழைக்கும் அசையாத மரம் என்று பாலங்களுக்கும், புகையிரதப் பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் தறித்தார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் குடாநாட்டு அடுப்புகள் விறகையே நம்பின. கைக்கெட்டிய மரமெல்லாம் வெட்டுப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் தோட்டத்துக்காகவும் வீட்டுக்காகவும் தெருவுக்காகவும் பற்றைக்காடுகள் துப்புரவாக்கப்பட்டன. வேகமாக வளரும் மரமென்றால் பத்து வருடத்தில் மீண்டிருக்கும். பாலைக்கு அது பல தலைமுறை வேலை.

எங்கள் வேலிகளிலும் பாலைக்கு இடம் கிடைக்கவில்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு எல்லாம் கதியால் போட்டால், அதாவது கிளையை வெட்டி நட்டால், துளிர்க்கும். காடு போனபிறகும் அவை வேலியாக நிலைத்தன, ஆட்டுக்குக் குழையும் கொடுத்தன. பாலை விதையிலிருந்து வரவேண்டிய மரம். அந்த விதையைத் தாய்மரத்து நிழலிலிருந்து தள்ளிக் கொண்டுபோக யாராவது வேண்டும். வன்னியிலும் வில்பத்துவிலும் யாலவிலும் அந்த வேலையில் கரடிக்குப் பெரிய பங்குண்டு. பழக் காலத்தில் மரமேறி வயிறு முட்டத் தின்றுவிட்டு, தூரப்போய் எச்சத்தோடு கொட்டையை விடும். குடாநாட்டில் கரடி இல்லை, பறவைகளும் வௌவாலும் மரநாயும் செய்வதுதான். அவை கொண்டுபோய்ப் போடும் கொட்டையும் பெரும்பாலும் சீமெந்து முற்றத்திலோ உழுத தோட்டத்திலோ விழுகிறது. தப்பி முளைத்ததை ஆடு கடிக்கும். கோயில் வளவில் நிற்கும் கிழட்டுப் பாலை வருடாவருடம் காய்த்தும் அதன் கீழே ஓர் இளமரமும் நிற்காததற்கு இவ்வளவும் காரணம்.

இந்தியாவில் சப்போட்டா ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பாலைக் கன்றைத்தான் அடிக்கட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். வரட்சியைத் தாங்கும் அந்த வேர் பழத்தோட்டத்துக்கும் உதவுகிறது. எங்கள் மண்ணிலேயே வாழ்ந்து பழகிய பாலைகளின் விதை தொலைந்துபோக விடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

வளவில் இடமிருப்பவர்கள் இந்த முறை பழம் தின்ற கொட்டைகளை எறியவேண்டாம். பால்பிசின் போகக் கழுவி, காயவிடாமல், ஆழமான பையில் அரை நிழலில் ஊன்றுங்கள். முளைக்க நாளெடுக்கும். ஆணிவேர் பைக்குள் சுருளுவதற்கு முன், ஐப்பசி மழையோடு நிலத்தில் வைத்து, ஆடு எட்டாதபடி சுற்றி முள்ளடையுங்கள். முதல் சில வருடங்களில் கன்று வளராதது போலத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்துவிடாதீர்கள்.