வீல் பேரிங்: சுத்தியலை எடுக்கும் முன்

சென்னையில் ஒரு வெள்ளம் வந்து வடிந்தால் அடுத்த சில மாதங்களுக்குப் பட்டறையில் இந்தப் புகார் கேட்டுக்கொண்டே இருக்கும்: “அண்ணே, அறுபதுல போனா பிளேன் மாதிரி இரையுது.” 2015 டிசம்பருக்குப் பிறகும் சரி, 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சரி, இதேதான். வண்டி தண்ணீரில் நிற்கும்போது சக்கரத்தை இலகுவாகச் சுழல விடும் வீல் பேரிங்குக்குள், அதன் ஓரத்தை மூடும் சீல் வழியாகச் சேற்றுநீர் போய்விடுகிறது. கிரீஸ் கெட்டு, துருப் பிடித்து, குண்டுகள் உருளும் பாதை சொரசொரப்பாகிறது. சத்தம் மெதுவாகத்தான் வரும் என்பதால் வெள்ளத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

முதலில் டயர் சத்தமா, பேரிங் சத்தமா என்று பாருங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பாரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அப்புறம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலில் தெரியும். எனக்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

சரி, வீட்டிலேயே மாற்றலாமா? ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்து போல்ட்டில் வரும் வகை என்றால் தாராளமாக மாற்றலாம். ஆனால் பல சிறிய கார்களின் முன் சக்கரத்தில் பேரிங்கை நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் உலோகப் பகுதி) அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். இங்கேதான் சுத்தியல் வெளியே வருகிறது, புதுப் பேரிங்கின் ஆயுளும் அங்கேயே முடிகிறது. நக்கிளில் ஏற்றும்போது அழுத்தம் வெளி ரேஸில், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை நுழைக்கும்போது உள் ரேஸுக்கு அடியில் முட்டு இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, ரேஸில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே இரைச்சல் திரும்பும். “டூப்ளிகேட் பேரிங் கொடுத்துட்டான்” என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

என் யோசனை: நக்கிளை நீங்களே கழற்றுங்கள். காலிப்பரை (பிரேக் பேடைப் பிடிக்கும் பகுதி) கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு நக்கிளையும் புதுப் பேரிங்கையும் பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், அங்கேயும் அவசரக்காரர்கள் உண்டு. ஏபிஎஸ் வண்டியின் பேரிங்கில் பல நேரம் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். ஒரு குண்டூசியை வைத்தால் லேசாக இழுக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி ஏற்றிவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு அணையாது, பேரிங்கைப் பிடுங்கினால் மறுபடி போடவும் முடியாது.

ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய ஹப் நட்டை எப்போதும் புதிது போடுங்கள். வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் என்றால், ஹப் நட்டுக்குப் பல கார்களில் அதைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் வண்டியின் கணக்கைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, டார்க் ரெஞ்சில் முழுதாக முறுக்கிய பிறகே வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். நக்கிளை சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்ட்ரட் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.