குழந்தை பிறந்த பிறகும் சிஸ்டர் ஏன் வயிற்றை அமுக்குகிறார்?

சென்னையில் பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். பிரசவ வலிக்கு அடுத்தபடியாக அவர்களுக்கு ஞாபகம் இருப்பது, அதன் பிறகு சிஸ்டர் வயிற்றை அமுக்கியதுதான். "அதான் குழந்தை பிறந்தாச்சே, இன்னும் ஏன்?" என்று கூட இருக்கும் அம்மா, அத்தைகளும் முணுமுணுப்பார்கள்.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் கர்ப்பப்பைக்குப் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். அவற்றை அடைப்பது முதலில் ரத்த உறைவு அல்ல, தசைதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள் சுருங்கி, நடுவில் போகும் குழாய்களை நெரித்துவிடும். கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில் கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிம்மதி. தொளதொளவென்று இருந்தால் உதிரப்போக்கு தொடங்கப் போகிறது, அல்லது தொடங்கிவிட்டது. கையால் தேய்த்து அமுக்கினால் தசை தூண்டப்பட்டுச் சுருங்கும், உள்ளே தேங்கிய ரத்தக் கட்டிகளும் வெளியேறும். "ஒண்ணுக்குப் போங்கம்மா" என்று விரட்டுவதும் இதற்காகத்தான். நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது.

இதெல்லாம் டாக்டர் வந்து சேரும் முன்பே நடக்க வேண்டியவை. குழந்தை பிறந்த உடனே, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போடுவார்கள். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சென்னையின் மே மாத வெயிலில் ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்த மருந்தின் வீரியத்தை நம்ப முடியாது. எனவே ஃப்ரிட்ஜைக் கவனிப்பதும் உயிர் காக்கும் வேலைதான், யாரும் பாராட்டாவிட்டாலும்.

கஷ்டமானது, ஆபத்தை அடையாளம் காண்பது. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு சுமார் 40 சதவீதத்துக்கு மேல் கூடுவதால், நிறைய இழந்த பிறகும் பிரஷர் சரியாகவே காட்டும். நாடித்துடிப்பு முன்னாலேயே ஏறிவிடும். துடிப்பு 110, மேல் பிரஷர் 100 என்று இருந்தால் அனுபவமுள்ள சிஸ்டர் பிரஷரைப் பார்த்துச் சமாதானம் ஆகமாட்டார்.

துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, தேய்த்தல், ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம், டிரிப் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே தொடங்கினார்கள். கடுமையான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. அங்கே பெரும்பாலும் களத்தில் நின்றவர்கள் நர்ஸ்களும் மருத்துவச்சிகளும்தான்.

செங்குன்றத்திலிருந்து 108-இல் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்கு அனுப்பும் நிலை வந்தாலும், நெரிசலைத் தாண்டி வருவதற்குள் தாயைத் தாக்குப்பிடிக்க வைப்பது புறப்படும் முன் செய்த இந்த வேலைகள்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, தாய்க்குக் கண் சொருகினாலோ, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.